எல்லாம் வேலாயி பேருக்கு

"கடனுக்கு ஈடாப் புள்ளையக் கேக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசந்தானா மொதலாளி?"

தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் போட்ட சத்தத்தில் லிந்துலைக் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

மக்பூல் முதலாளி கல்லாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடை வாசலில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருபது பேர் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் வேலாயி.

அவள் புருஷன் நெஞ்சு நோவில் கிடந்தபோது மக்பூல் கடையில் வாங்கிய கடன் அறுபது ரூபாய். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். கடன் மட்டும் வட்டியோடு நூற்றுப்பத்தாகி நின்றது.

போன மாதம் மக்பூல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "கட்ட முடியலேன்னா ஒன் மக நாகலெட்சுமியக் கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பு. அவ சம்பளத்துல கழிச்சுக்கலாம்."

நாகலெட்சுமிக்குப் பத்து வயது.

அழுதுகொண்டே தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த வேலாயிக்கு ஆண்டியப்பன்தான் வழி சொன்னார். பெண்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஞாயித்துக்கெழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறீங்கல்ல? மூணு ஞாயிறு எடுக்கிறத வேலாயி பேருல போட்டுருங்க. நம்ம புள்ளைய நாமதான் காப்பாத்தணும்."

ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்கு அன்றைக்கே கையில் காசு. லயத்துப் பிள்ளைகள் கருவாட்டுத் துண்டைக் கண்ணில் பார்ப்பது அந்தக் காசில்தான். ஆனாலும் ஒருத்திகூட மறுக்கவில்லை.

மூன்று ஞாயிறும் மழை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையில் ஏறினார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பிடித்தபடி, "யாரு பேருக்கு?" என்று கணக்கப்பிள்ளை கேட்கக் கேட்க, எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"வேலாயி பேருக்குங்க."

"எம் புருசனையும் சேத்து அவ பேருலயே எழுதிருங்க ஐயா," என்றாள் அம்மாக்கண்ணு.

"வேணாங்கக்கா. பாவம், அவ ஏற்கெனவே கடன்ல கெடக்கா," என்றாள் நல்லமுத்து.

மழையிலும் சிரித்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு கொழுந்து நிறுத்த கையோடு எல்லோரும் கடைக்கு இறங்கி வந்துவிட்டார்கள். காசு இப்போது மக்பூலின் முன்னால் இருந்தது.

"நல்லா எண்ணிக்கோங்க," என்றார் ஆண்டியப்பன். "இருவது வீட்டுப் புள்ளைங்க வாயைக் கட்டிக் கொண்டாந்த காசு."

மக்பூல் எண்ணி முடித்தார். நிமிராமலே சொன்னார். "சரியா இருக்கு. கடன் தீந்துச்சு வேலாயி. புள்ளைய எங்கயும் அனுப்பாத."

"இப்ப சொல்றாரு பாரு நாயத்த," என்ற அம்மாக்கண்ணு, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைக் கடைப் படியிலேயே துப்பினாள்.

நல்லமுத்து ஆண்டியப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க இல்லாட்டி அந்தப் புள்ள கதி என்ன தலைவரே? அடுத்த மாசம் எம் மகளுக்குச் சடங்கு வைக்கிறோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

"நடத்திட்டாப் போச்சு. நீங்கள்லாம் நடங்க. எனக்குச் சங்க ஆபீசுல வேலை இருக்கு."

பெண்கள் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். பாலத்தடிக்கு வந்ததும் வேலாயி நின்றுவிட்டாள்.

"என்னடி?" என்றாள் அம்மாக்கண்ணு.

"ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேங்கக்கா. எங்க வீட்டு ஆளு ஆசுபத்திரியில கெடந்தப்ப, கேக்காமலே டின் பாலு குடுத்துவிட்ட மனுசன் அவரு. படியில துப்பிட்டு வர்றது நல்லா இல்ல. கழுவி விட்டுட்டு வர்றேன்."

"புள்ளையக் கேட்டவன் படியக் கழுவப் போறாளாம். போ, போயி கழுவு. அப்படியே கடையவும் கூட்டிக் குடுத்துட்டு வா."

வேலாயி திரும்பிப் போனாள். கடையின் பலகைக் கதவு பாதி சாத்தியிருந்தது. தெருக் குழாயில் ஒரு தகரத்தில் தண்ணீர் பிடித்து வந்து, படியைக் கழுவக் குனிந்தாள்.

உள்ளே மக்பூலின் குரல் கேட்டது.

"வட்டிக்கு விடுங்கன்னு காசு குடுத்தது நீங்க. உங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னீங்க, நானும் வாயத் தொறக்கல. ஆனா அந்தப் புள்ளையக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி என் வாயால சொல்ல வச்சீங்களே. என் மக ரம்லாவுக்கும் அதே வயசுதான். வட்டியையாச்சும் அந்தப் பொம்பளைங்ககிட்டத் திருப்பிக் குடுத்துருங்க."

"வட்டி வேணாம்னா எதுக்கு உங்ககிட்ட காசக் குடுத்து வச்சிருக்கேன்?"

அந்தக் குரலும் வேலாயிக்குத் தெரிந்த குரல்தான். கதவிடுக்கில் பார்த்தாள்.

ஆண்டியப்பன் நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"நல்லமுத்து மகளுக்குச் சடங்கு வருது. கடன் கேக்க நல்லமுத்துவ நான் இங்க அனுப்பி வைக்கிறேன். கேக்கிறதக் குடுங்க."

"அவ எப்படிக் கட்டுவா தலைவரே?"

"அதுக்கென்ன மொதலாளி. இன்னும் நாலு ஞாயிறு கொழுந்து எடுக்க வச்சுட்டாப் போச்சு."