வடக்குத் தூணுக்குப் பின்னால்

கிடங்கின் கூரை இடிந்து விழுந்ததில் ஒருவர் உள்ளே சிக்கிக்கொண்டார். அவர் தலைக்கவசத்திலிருந்த கருவியின் வைஃபை சிக்னல், பாதிக் கிடங்கையே வட்டம் போட்டுக் காட்டியது.

"இதுல எங்கேம்மா தோண்டறது?" என்றார் தீயணைப்பு அதிகாரி.

கிடங்கின் கணினிப் பொறியாளரான அவள் மடிக்கணினியின் பக்கம் குனிந்தாள். ப்ளூடூத் சிக்னலையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். வட்டம் சுருங்கிப் புள்ளியானது.

"வடக்குத் தூணுக்குப் பின்னால. ஒரு முழம்கூடத் தப்பாது."

தப்பவில்லை. அங்கேதான் கிடந்தார்.

"உயிர் இருக்கா சார்?"

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "இல்லம்மா, போயிடுச்சு. நீங்க கல்லு மாதிரி நின்னு வேலை பார்த்தீங்க. இன்னொரு உதவி. இவர் சம்சாரத்துக்குப் பக்குவமா விஷயத்தைச் சொல்லணும். அவங்களைத் தெரியுமா?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"அவங்ககிட்ட இப்பதான் சொன்னீங்க சார்."