மிதக்காத ரேடியோ

துடுப்புப் படகில் தனியாக மீன்பிடிக்கப் போகும் கணவனை, கடலிலிருந்து பேசவும் கேட்கவும் கையடக்க ரேடியோ வாங்கக் கடைக்கு இழுத்து வந்தவளே அவள்தான். கடலுக்குப் போனால் அவனுக்குத் திரும்ப மனம் வராது. வீட்டில் ஒன்று கேட்டால் அரைச் சொல்தான் பதில். கடலைச் சக்களத்தி என்றே அவள் மனதுக்குள் திட்டுவாள்.

“இது தண்ணியில விழுந்தாலும் மிதக்கும்க்கா,” என்றார் கடைக்காரர். “படகுல கட்டாதீங்க, உடம்புல மாட்டுங்க. படகு கவுந்தாலும் பொண்டாட்டி மாதிரி கூடவே இருக்கும்.”

சொல்லிக்கொண்டே ரேடியோவைப் போட்டுக் காட்டினார். இரைச்சலுக்கு நடுவே அவள் கணவனின் குரல் கேட்டது.

“இதோ வந்துட்டேன்டி.”

ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். கணவனும் சிரித்தான். தன்னிடம் அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் பக்கத்திலேயே வாய் மூடி நின்றிருந்தான்.

“கடல்ல யாரோ பேசிக்கிறாங்க,” என்றார் கடைக்காரர்.

“மிதக்காத ரேடியோ இருக்கா?” என்று கேட்டாள் அவள்.

“அத யாருக்கா வாங்குவாங்க?”

கணவன் அதற்குள் ரேடியோவைக் கையில் வாங்கியிருந்தான். அவளைப் பார்க்காமல் வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினான்.

“இதோ வந்துட்டேன்டி,” என்றான்.