ஜோடிக் காப்பு

கல்யாண நாளுக்கு மனைவி ஷர்மிளா கொடுத்த ஜோடிக் காப்பில் ஒன்றை யுவராஜ் ஆசையாகத்தான் மாட்டிக்கொண்டார்; மற்றது அவள் கையில். அவள் உடம்பில் குப்பென்று ஏறும் சூடு அவருக்கும் ஏறும் என்பதை மாட்டிய பிறகுதான் சொன்னாள். "சரி, இந்த மெனோபாஸ் கதையெல்லாம் வெளியில பேசாத" என்றார் அவர்.

அன்று குடியிருப்புச் சங்கக் கூட்டம். கூடத்தில் சும்மா கிடக்கும் ஏசியைக் கூட்டத்தின்போது போடச் சொல்லிப் பெண்கள் கொடுத்த மனுவைச் செயலாளர் யுவராஜ் எழுந்து வாசித்தார். "ஃபேனே போதும்ங்க" என்று ஆரம்பித்தவருக்குக் கழுத்திலிருந்து நெற்றிவரை திகுதிகுவென்று எரிந்தது. சட்டை நனைந்தது. மூன்றாவது வரிசையில் ஷர்மிளா சாதுவாக விசிறிக்கொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லையா சார்?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல. எங்க வீட்ல மெனோபாஸ்" என்று உளறிவிட்டார். "கொஞ்சம் ஏசியப் போடுங்களேன்."

எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசையில் நான்கு ஆண்கள் ஒரு கையால் கழுத்தைத் துடைத்தபடி, மறு கையைக் காப்போடு சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டெடுப்புக்குக் காத்திராமல் தலைவரே எழுந்து போய் ஏசியைப் போட்டார். அவருடைய முதுகும் தொப்பலாக நனைந்திருந்தது.