திறக்காத பட்டியல்

“டேட்டாபேசுக்குள்ள ஆரைக் கேட்டுக் கை வைச்சனீங்கள்?”

“சேர், நான் சொல்லுறதை ஒருக்கா...”

“கதைக்காதேங்கோ, ராசமலர். மூதூரில இருந்து இடம்பெயர்ந்த சனத்தை வெளிநாட்டில இருந்து சொந்தங்கள் தேடுற வெப்சைட் இது. காலையில இருந்து ஒருதரும் பார்க்க ஏலாமக் கிடக்கு.”

பாக்கியரத்தினத்தின் குரல் திருகோணமலை அலுவலகம் முழுக்கக் கேட்டது.

“ஒவ்வொரு விலாசத்துக்கும் எத்தினை எழுத்தெண்டு கொம்பியூட்டர் எண்ணி வைச்சிருக்கும். எண்ணிக்கையை விட்டிட்டு எழுத்தை மட்டும் மாத்தினா முழுப்பட்டியலும் படுத்திடும். குசினியில உப்புப் போடுற வேலையெண்டு நினைச்சீங்களோ?”

பிழையாகியிருந்தது ஒரேயொரு விலாசம். லிங்கநகர் வீட்டு இலக்கத்தை அழித்துவிட்டு, ‘தெரியாது’ என்று ராசமலர் எழுதியிருந்தாள். அவர் பழைய விலாசத்தையே திரும்பப் போட்டார். பட்டியல் திறந்தது.

“பாத்தீங்களே? இப்ப உலகம் முழுக்கத் தெரியும்.”

ராசமலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓம் சேர், தெரியும். முந்தநாள் எங்கட பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துதான் அடுத்த ஒழுங்கைப் பொடியனை வெள்ளை வானில ஏத்திக் கடத்தினவங்கள். அதில என்ர தம்பியின்ர பேர் இல்லை. நேற்றுத்தானே நீங்கள் அவனை லிங்கநகர் விலாசத்தோட சேர்த்தனீங்கள். இனி அவனை நான் எந்த விலாசத்தில ஒளிச்சு வைக்க?”