அரிப்பு மாத்திரை

முதியோர் இல்லத்தில் சேர்த்து ஒரு மாதம் கழித்து அப்பாவைப் பார்க்க வந்தான் மகன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலையே. யாருங்க நீங்க?"

பெருமூச்சு விட்டபடி வராந்தாவுக்கு வந்த மகன், நர்ஸிடம் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினான்.

"பெத்த பிள்ளையையே தெரியாத அளவுக்கு மறதி முத்திப்போச்சு சிஸ்டர். இந்தாங்க, அவரோட அரிப்பு மாத்திரை. ரெண்டு வருஷமாப் போடறார். மருந்துக்கடைக்காரர் ஒண்ணு போதும்னார். ஆனா ரெண்டு கொடுத்தாத்தான் எங்களை நச்சரிக்காமத் தூங்குவார்."

நர்ஸ் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இதை அவர் வந்த அன்னைக்கே டாக்டர் நிறுத்திட்டார் சார். இது பழைய வகை மாத்திரை. வயசானவங்களுக்குத் தூக்கத்தோட மறதியையும் குழப்பத்தையும் சேர்த்துக் கொடுத்துடும். வேற மாத்திரைக்கு மாத்தினோம், ரெண்டே வாரத்துல தெளிஞ்சுட்டார்."

"என்னத்தைத் தெளிஞ்சார்? என்னையே யாருன்னு கேக்கறாரே!"

நர்ஸ் தயங்கினாள்.

"நீங்க வாசல்ல காரை நிறுத்தும்போதே, 'அதோ, என் மகன் வர்றான்'னு ஜன்னல் வழியா எனக்குக் காட்டினதே அவர்தான் சார்."