கலப்பில்லாத சத்தம்

“ஏம்மா ஊமைக்கோட்டான், ஆண்டவன் உனக்குக் காதை ரெண்டா வச்சுட்டு வாயை வைக்க மறந்துட்டானா?”

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த முதல் நாளே நர்ஸக்கா என்னிடம் கேட்டது அது.

இப்போது அவள் ஹாலில், கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றிருந்தாள். அப்பாவுக்காகக் கரைத்த பால் அவள் கையிலிருந்த டம்ளரில் ஆடை கட்டியிருந்தது.

அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் நேராக வந்திருந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“உயிர் இருக்கு. நினைவு இல்ல. வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல” என்றான்.

பிறகு திரையைக் காட்டினான்.

அப்பாவின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். மூச்சு இறங்கினால் அது கம்ப்யூட்டருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கத்தும். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். எந்த நிமிடம் கத்தத் தொடங்கியது, எந்த நிமிடம் நிறுத்தினார்கள் என்று எழுதியும் வைத்துக்கொள்ளும்.

“பதினொண்ணு ஒன்பதுக்கு அலாரம். நீங்க வந்து நிறுத்துனது பதினொண்ணு இருபதுக்கு. நடுவுல எங்க போனீங்க?”

“அடுப்படியிலதான் சார் இருந்தேன். கேட்ட உடனே ஓடி வந்தேன். எனக்கு அப்பதான் கேட்டுச்சு.”

“ஏன், உங்களுக்கு மட்டும் தனியா லேட்டா கத்துச்சா?”

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

பகலில் அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு எனக்கென்று மிஞ்சியது அதுவும் அதிலுள்ள பாட்டுகளும்தான்.

ஆனால் கம்ப்யூட்டர் பாட்டைப் பாட்டாக விடாது. தன்னிடம் உள்ள எல்லாச் சத்தங்களையும் ஒன்றாகக் கலக்கி, ஏற்றி, இறக்கி, அதற்குப் பிறகுதான் வெளியே அனுப்பும். இது தெரிந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் யாரோ எச்சில் பண்ணிய தண்ணீரைக் குடிப்பது போலிருந்தது.

மாதக்கணக்கில் தேடி வழியைக் கண்டுபிடித்தேன். பிளேயரில் ஓர் இடத்தில் டிக் போட்டால் போதும். பாட்டு அந்தக் கலக்கும் இடத்துக்கே போகாது. பதிவானது பதிவானபடி, ஓர் எண்கூட மாறாமல் நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடும். முதல் தடவை அப்படிக் கேட்டபோது, பாடுகிறவள் அடுத்த வரிக்கு இழுத்த மூச்சு என் கழுத்தில் பட்ட மாதிரி இருந்தது.

அப்படி ஓடும்வரை ஸ்பீக்கர் அந்தப் பாட்டுக்கு மட்டுமே சொந்தம். வேறு சத்தம் உள்ளே நுழைய முடியாது.

எந்தச் சத்தமும்.

காலையில் மூன்று பாட்டு கேட்டேன். அறை தாண்டாத அளவுக்கு மெல்லத்தான் வைத்திருந்தேன். மூன்றாவது முடிந்ததும் பிளேயரை மூடினேன்.

மூடிய கையோடு ஸ்பீக்கர் அலறியது.

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. நர்ஸக்கா என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு அப்பாவின் அறைக்குள் ஓடினாள்.

அண்ணனுக்கு இது தெரிந்தால் கம்ப்யூட்டர் போய்விடும். போகட்டும். ஆனால் “அப்பாவை நீதான்” என்று அவன் ஆரம்பித்தால், அந்த வாக்கியம் முடியும்வரை நான் எங்கே போய் நிற்பது?

“சரி, மெஷின் மேல தப்பான்னு பாத்துருவோம்” என்று அவன் மவுஸைப் பிடித்தான்.

அலாரத்தைச் சோதித்துப் பார்க்கத் திரையில் ஒரு பொத்தான் உண்டு. அம்புக்குறி அதை நோக்கி ஊர்ந்தது. அதற்கு இரண்டு விரல்கடை தள்ளித்தான் என் பிளேயரின் படம்.

கத்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கத்தாவிட்டால் யார் மேலும் தப்பில்லை.

கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“தெருமுனை வரைக்கும் கேக்குது.” அண்ணனின் குரல் இறங்கியது. குரல் இறங்கினால்தான் அவனுக்கு உண்மையான கோபம். “போன்ல இருந்தீங்களா? தூங்கிட்டீங்களா? உங்க ஏஜென்சியில சொல்லிட்டேன். இனிமே எந்த வீட்டுக்கும் உங்கள அனுப்ப மாட்டாங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினான்.

“நீ இங்கதானே இருந்த பாப்பா? இவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

நான் பேசமாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பதிலுக்குக் காத்திருக்கக்கூட இல்லை. “இவகிட்டப் போய்க் கேட்டேன் பாரு” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நர்ஸக்கா டம்ளரை மேசைமேல் வைத்தாள். என் பிளேயரின் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நேற்றுக் காலை அவள் வழக்கம்போல அதே பொத்தானை அழுத்தியபோது ஸ்பீக்கர் கத்தவில்லை. என் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிளேயரை மூடினேன். மறுபடி அழுத்தினாள். கத்தியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. “அண்ணன்கிட்டச் சொல்ல மாட்டேன். நான் அடுப்படிக்குப் போறப்ப மட்டும் பாட்டு வேணாண்டி, சரியா?” என்று என் தலையில் லேசாகத் தட்டினாள். சரி என்று தலையாட்டினேன்.

இப்போது அவள் உதடு பிரிந்தது. என் கால்கள் தாமாகவே நடுங்கின. அவள் குனிந்து அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.