பன்னிரண்டு தகடுகள்

ஒரே ஒரு தடவை, வாய் தவறியாவது என் பெயரைச் சொன்னால் நாக்கா சுருண்டுவிடும்?

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சால்டரிங் கம்பியின் முனையில் ஈயம் உருகித் திரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், கடையின் முன்னறையில், அவளுடைய கொழுந்தன் பேசிக்கொண்டிருந்தான். எதிரே ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவர். இருவருக்கும் நடுவே மேசைமேல் செங்கல் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

"பேர் கிடையாது, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது சார். வால்வப் பாத்தேன், அடியில நீட்டிட்டிருக்கற பின்னுகள எண்ணினேன். இன்னதுதான்னு பிடிச்சிட்டேன்."

பார்த்தானாம். எண்ணினானாம்.

பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குப்பி போல ஒளிரும் வால்வுக்கும் பல்புக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரிந்ததே போன வருடம்தான்.

ஜெர்மனியில் ஏதோ ஒரு வானொலி நிலையம் தன் பழைய அலமாரிகளைக் கழித்துக்கட்டியபோது வந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்கள், மேசைமேல் இருந்ததும் அதைப் போன்ற மற்ற பெட்டிகளும். முகப்பில் இருந்த பெயர்த்தகடுகளை யாரோ முன்பே பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஐந்து மாதம், மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, அவள்தான் ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். வால்வின் வடிவம், ட்ரான்ஸ்ஃபார்மரின் கனம், எந்தப் பின்னிலிருந்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் வரைந்து பார்த்து இனம் கண்டாள். பாட்டுப் பதிகிறவர்கள் மைக்குக்கு வைத்துக்கொள்ளும்படி புதுக் கூடும் சாக்கெட்டும் எர்த் கம்பியும் கொடுத்தாள்.

அந்த எர்த்தை மறந்துவிட்டு முதல் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துத் தொட்டவன் கொழுந்தன். துள்ளி விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவள் அவள்.

அந்தக் கதையை மட்டும் அவன் யாரிடமும் சொல்வதில்லை.

மூடிகளின் உட்புறம் பென்சிலில் தேதிகள் இருந்தன. ஒவ்வொரு தடவை சோதித்தபோதும் அந்த நிலையத்தில் யாரோ எழுதி, கீழே இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள். சில மூடிகளில் ஐந்தாறு பேர், ஒருவருக்குக் கீழ் ஒருவராக.

எங்கோ கிடந்த அந்த ஆட்களுக்கு, பார்த்த வேலையின் கீழ் இரண்டெழுத்துப் போட இடம் இருந்திருக்கிறது.

கணவனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நம்ம கடைதான, யார் பேர் இருந்தா என்ன?" என்றான் அவன், செய்தித்தாளை மடிக்காமலே.

யார் பெயர் இருந்தாலும் ஒன்றுதான் என்றால், அது ஏன் ஒரு நாள்கூட அவள் பெயராக இருந்ததில்லை?

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. உள்ள இருக்கறாங்களே அந்த அம்மா, அவங்க வேலய நான் பாத்திருக்கேன், அவங்க பாத்ததுன்னா மொத்தத்தையும் எடுத்துக்கறேன். போன வாரமே போன்ல சொன்னேன்ல."

"ஏற்பாடு பண்ணியாச்சு சார். ரெண்டே நிமிஷம்."

கொழுந்தன் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"கோவத்த எல்லாம் ஓரமா வைங்க அண்ணி. மொதல்ல இதப் பிரிங்க."

பித்தளைத் தகடுகள். 'சோதித்து உறுதி செய்தவர்' என்று பொறித்திருந்தது. அதன்கீழே அவள் பெயர். முழுப் பெயர், இனிஷியலோடு.

அவள் கட்டை விரலால் எழுத்துகளைத் தடவினாள். பள்ளிச் சான்றிதழுக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் இப்படி அச்சுப் போல எங்கும் பார்த்ததில்லை. ஐந்து மாதக் கோபம் ஒரு பித்தளைத் துண்டுக்கா அடங்கும் என்று கேட்டுக்கொண்டாள். அடங்கித்தான் போயிற்று. அதுதான் வெட்கமாக இருந்தது.

பிறகு, பழக்க தோஷத்தில், எண்ணினாள்.

பன்னிரண்டு.

"எட்டுதான தம்பி வேணும்?"

ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டிகள் பன்னிரண்டுதான். ஆனால் மைக்குக்கு உரியவை எட்டு. மற்ற நான்கும் அதே அலமாரியில் அதே உருவத்தில் இருந்தவை, ஏற்கெனவே பெருக்கிய ஒலியை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோகச் செய்தவை. அவற்றில் மைக்கை மாட்டினால் பாடுகிறவரின் மெல்லிய குரல் இரைச்சலில் மூழ்கிவிடும். கையில் தூக்கிய அன்றே கனத்தை வைத்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். தனியே எடுத்தும் வைத்தாள். குடோனுக்குப் போய்விட்டன என்றே நினைத்திருந்தாள்.

எட்டிப் பார்த்தாள். முன்னறைச் சுவரோரம் பன்னிரண்டு பெட்டிகள், ஒரே பெயிண்டில், ஒரே மாதிரி மைக் சாக்கெட்டோடு வரிசையாக நின்றன. அந்த நான்குக்கும் அவளுக்குத் தெரியாமல் யாரையோ வைத்துப் பெயிண்டும் சாக்கெட்டும் போட்டிருக்கிறான்; எது எது என்று அவளுக்கே இங்கிருந்து தெரியவில்லை.

கொழுந்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணுதான அண்ணி. உங்க பேரு மேல இருந்தா எவனும் மூடியத் திறந்து பாக்க மாட்டான்."

பிறகு கொஞ்சம் சீண்டலாகச் சேர்த்தான். "இதுக்குத்தான இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க. ஒட்டுங்க. அவர் காத்திருக்கார்."

முன்னறையில் அவர் லேசாகச் செருமினார்.

அவள் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். காகிதத்தை அதே மடிப்பில் மடித்தாள். பொட்டலத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டாள்.

"எப்பவும் போல, என் பேரு இல்லாமலே வித்துக்கோ தம்பி."